பன்னிரண்டுக்கு ஒன்று

பைசாண்டு, உருகுவே
9 மார்ச் 1987

லொய்வா அக்காவுக்கு,

அதெலார் எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். நான்கு வருடமாக ஒரு வரி எழுதாத தம்பி இப்போது எழுதுகிறான் என்றால் காரியம் இல்லாமல் இருக்காது என்று நினைப்பாய். சரியாகத்தான் நினைக்கிறாய்.

போன மாதம் இங்கே ஒரு பண்ணையின் கோழிக் கொட்டகையில் ஒரு பூமா அகப்பட்டது. எழுபத்து மூன்றாம் வருட வண்டி. பிரேசிலில் செய்த கார் எல்லை தாண்டி இந்த மாட்டுச் சீமைக்கு எப்படி வந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. ஃபைபர் உடம்பில் ஒரு விரிசல் இல்லை. ஆனால் டிரைவர் சீட்டில் கோழிகள் பல வருடம் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. பின்னால் எஞ்சின் மூடியைத் திறந்தேன். உள்ளே வெறும் கூடு. எஞ்சின் கேஸும் ஹெட்டும் மட்டும் இருக்கின்றன. கிராங்க், பிஸ்டன், ராடு, கேம் ஷாப்ட் எல்லாவற்றையும் எவனோ உருவிக்கொண்டு போய்விட்டான்.

டிராக்டருக்கு வேண்டியது எதுவும் இங்கே கிடைக்கும். பூமாவுக்கு ஒரு வாஷர் கூடக் கிடைக்காது. கஷியாஸில் உன் பட்டறையில் எல்லாம் இருக்கும், இல்லாததை நீ கடைந்தெடுப்பாய். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

அக்டோபர் நாலாம் தேதி இந்த ஊர் கிளப் ஆற்றங்கரைச் சாலையில் ஒரு பந்தயம் நடத்துகிறது. அதில் ஓட்டப் போகிறேன். நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. எஞ்சினுக்குள் போக வேண்டிய எல்லாவற்றையும் நீயே தேர்ந்தெடுத்து எழுது. அளவுகளை நான் எடுத்து அனுப்புகிறேன். எஞ்சினைக் கோப்பது என் கையால்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீயும் எழுதக் கூடாது, நானும் எழுத மாட்டேன்.

அப்பாவுக்கு என் வணக்கம். கிராசியெலாவும் வணக்கம் சொல்கிறாள். அவள் என் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருடமாகிறது.

அதெலார்

*

கஷியாஸ் தோ சூல், பிரேசில்
30 மார்ச் 1987

அடேய் அதெலார்,

கேஸ், கிராங்க், பிஸ்டன் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் கல்யாணச் செய்தியா? உன்னைப் பெற்றதற்கு அம்மா ஒரு நல்ல எருமை வளர்த்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது, என்ன வேலை, உன்னை எப்படிச் சகித்துக்கொண்டிருக்கிறாள், இதெல்லாம் அடுத்த கடிதத்தில் முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

அப்பா உன் கடிதத்தை மூன்று தரம் படித்தார். நான் பார்த்ததும் மடித்து மேஜையில் போட்டுவிட்டு, "உருகுவேல திராட்சை வெளையுமாடி?" என்று கேட்டார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க அவருக்கு அந்த வழிதான் தெரியும்.

இப்போது காரியம். எஞ்சினுக்குள் எந்தப் பாகமும் தன்னிச்சையாக இருக்க முடியாது, இது உனக்கும் தெரியும். நீளமான கிராங்க் போட்டால் ராடின் போல்ட் கேஸில் இடிக்கும், கேம் ஷாப்ட்டை உரசும். இடிக்கிற இடத்தைக் குடைந்தெடுத்தால் பிஸ்டன் மேலே ஏறி ஹெட்டை முட்டும். அதற்குச் சிலிண்டரின் அடியில் வளையம் வைத்து உயர்த்தினால், வால்வைத் தள்ளுகிற கம்பி நீளம் பற்றாது. ஒன்றைத் தொட்டால் ஒன்பதை மாற்ற வேண்டும். நீ தனி ஆளாக, டிராக்டர் சாமான் மட்டும் கிடைக்கிற ஊரில் வைத்துக் கோக்கப் போகிறாய். அதனால் சாதுவாகவே போவோம்.

கிராங்க் பழைய அளவே, அறுபத்தொன்பது மில்லிமீட்டர். பிஸ்டன் எண்பத்தேழு, அப்படியே உட்காரும், கேஸைத் தொட வேண்டாம். கேம் ஷாப்ட்டும் கம்பெனியில் வந்த மாதிரியே. கம்ப்ரஷன் ஏழரைக்கு ஒன்று, அதற்கு மேல் கலவையை அமுக்க வேண்டாம். இப்படிக் கோத்தால் உன் பேரப்பிள்ளை காலம் வரை ஓடும்.

கேஸில் மெயின் பேரிங் உட்காரும் துளையை மூன்று இடத்தில் அளந்து அனுப்பு. கோழி எச்சத்தைத் துடைத்துவிட்டு அள.

சீக்கிரம் எழுது.

லொய்வா

*

பைசாண்டு
21 ஏப்ரல் 1987

அக்கா,

முதல் பக்கத்தில் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். கிராசியெலாவுக்கு முப்பத்தொரு வயது. பால் கூட்டுறவில் எழுத்தர். நான் அங்கேதான் பால் லாரி ஓட்டுகிறேன். என்னை எப்படிச் சகிக்கிறாள் என்று அவளிடமே கேட்டேன். "உங்க அக்கா அனுபவசாலி, அவங்ககிட்டயே கேட்டுச் சொல்லுங்க" என்கிறாள். உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும்.

கேஸ் அளவு தனித்தாளில் இருக்கிறது. கோழி எச்சம் துடைத்த பிறகு எடுத்தது.

இனி விஷயம். நான் பூமாவுக்கு எஞ்சின் கேட்டேன். நீ எழுதியிருப்பது வீடு வீடாக ரொட்டி போடுகிற வண்டிக்கு. அறுபத்தொன்பது கிராங்க், ஏழரை கம்ப்ரஷன்! இதை வைத்துக்கொண்டு பந்தயத்தில் நின்றால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். எண்பத்து மூன்றில் நாம் போட்டோமே அதுதான் எனக்கு வேண்டும். எழுபத்தெட்டு கிராங்க், தொண்ணூறரை பிஸ்டன், இரண்டு லிட்டர். கூர்மையான கேம் ஷாப்ட். கம்ப்ரஷன் பன்னிரண்டுக்கு ஒன்று. அதையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர வைத்தவள் நீதானே? அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது?

நானே சொல்கிறேன். நீ என் காலுக்குப் பயப்படுகிறாய்.

நிபந்தனை போட்டவன் நான்தான், மீறுகிறவனும் நான்தான். பரவாயில்லை. அந்த ஜூலை ஞாயிறு, மலைச் சாலைப் பந்தயத்தின் மூன்றாவது வளைவில் அந்த எஞ்சின் போனது. அதற்கு முன்னால் சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பிறகு புகை. எஞ்சின் சுற்று காட்டுகிற முள் ஆறாயிரத்தைத் தாண்டவில்லை என்று அன்றைக்கே சொன்னேன். செவ்வாய்க்கிழமை அமதேயு பட்டறைக்கு வந்தார். அடுத்த வருடம் அவருடைய அணியில் எனக்கு இடம் என்று பேசி முடித்திருந்த மனிதர். என்ன ஆச்சு என்று உன்னைத்தான் கேட்டார். நீ எஞ்சினைத் தனியாகப் பிரித்து முடித்திருந்தாய். என் முன்னாலேயே சொன்னாய்: "எஞ்சின்ல ஒரு குறையும் இல்லங்க. இவன் கால்தான் கனம். ஏழாயிரத்தைத் தாண்டிட்டான்."

அவ்வளவுதான். அந்த இடம் போயிற்று. கஷியாஸில் எந்த அணியும் என்னைக் கூப்பிடவில்லை. லொய்வாவே சொல்லிவிட்டாள் என்றால் அதற்கு மேல் அங்கே பேச்சு ஏது?

முதல் வருடம் உன்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முள்ளை நான் சரியாகப் பார்க்கவில்லையோ? இந்தப் பந்தயத்தில் தெரிந்துவிடும். அதே எஞ்சினைக் கொடு.

அதெலார்

*

கஷியாஸ்
14 மே 1987

தம்பி,

கேஸ் அளவு நன்றாக இருக்கிறது. நடுத் துளை மட்டும் ஒரு மயிரிழை தேய்ந்திருக்கிறது. அதற்குத் தகுந்த பேரிங்கை எடுத்து வைத்துவிட்டேன்.

எழுபத்தெட்டு கிராங்க் வேண்டாம். கேஸின் உள்ளே இரண்டு இடத்தில் குடைய வேண்டும், அது பழகிய கைக்கே பயமான வேலை. வேண்டுமானால் எழுபத்து நாலு தருகிறேன், அதில் குடைவது சொற்பம். கூர்மையான கேம் ஷாப்ட் போடலாம், ஆனால் அதற்கு இறுக்கமான வால்வு ஸ்பிரிங் வேண்டும். இறுக்கமான ஸ்பிரிங்குக்கு அலுமினியக் கம்பி வளையும், எஃகுக் கம்பி வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

கம்ப்ரஷன் விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேள். எட்டைத் தாண்டாதே. இங்கே எல்லோரும் பன்னிரண்டு வைக்கிறோம் என்றால் அது ஆல்கஹால் ஊற்றுவதால். கரும்பு ஆல்கஹாலை எவ்வளவு அமுக்கினாலும் ஒழுங்காக எரியும். பெட்ரோலை அப்படி அமுக்கினால் பொறி வரும் முன்பே தானாக வெடிக்கும். உங்கள் ஊரில் எந்தப் பெட்ரோல் பங்கிலும் ஆல்கஹால் கிடையாதே. எட்டு போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். எழுதக் கூடாது என்று சொன்னவன் நீ. நான் அதன்படி நடக்கிறேன்.

அப்பாவுக்கு முட்டி வலி. இரண்டு நாளாகக் குளிர் ஆரம்பித்துவிட்டது. கிராசியெலாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்து வைத்திருக்கிறேன், பாகங்களோடு வரும். நிறம் பிடிக்கவில்லை என்றால் பேரிங்குகளைச் சுற்றி வைத்துக்கொள்ளச் சொல்.

லொய்வா

*

பைசாண்டு
11 ஜூன் 1987

அக்கா,

நீ நழுவுகிறாய். சின்ன வயதிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். உனக்குப் பிடிக்காத கேள்வி வந்தால் அப்பாவின் முட்டி வலி வந்துவிடும்.

பெட்ரோல் பன்னிரண்டைத் தாங்காது என்கிறாய். எனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறது. அன்று காலை மலையடிவாரத்தில் புல்லெல்லாம் உறைபனி. ஆல்கஹால் வண்டி எதுவுமே கிளம்ப மறுத்தது. மற்றவர்கள் கார்புரேட்டர் வாயில் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்கள். அமதேயு பார்த்துக்கொண்டு நிற்கும்போது நம் வண்டி கோட்டில் இருமி நின்றுவிடக் கூடாது என்று நீ டேங்கிலேயே பெட்ரோலைக் கவிழ்த்தாய். ஐந்து லிட்டர் டின், முழுசாக. டேங்கில் இருந்த ஆல்கஹால் பத்து லிட்டர்தான் இருக்கும். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. "அக்கா, பூனை மாதிரி உறுமுது பாரு" என்று நான்தான் சொன்னேன்.

அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் பன்னிரண்டில் எரிந்திருக்கிறது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னவளும் நீதான். பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய். உன் கண்ணுக்குத் தப்பி ஒரு பிஸ்டன் கெட்டுப்போகாது, அது உலகத்துக்கே தெரியும். நம் ஊர்ப் பெட்ரோலுக்கே அன்று ஒன்றும் ஆகவில்லை என்றால், இங்கே கிடைக்கிற நல்ல பெட்ரோலுக்கு என்ன வந்தது? உன் மனத் திருப்திக்காக பதினொன்றரை வைக்கிறேன். அதற்குக் கீழே வர மாட்டேன்.

மாண்டிவீடியோவில் ஒருவர் கம்ப்ரஷனைக் கூட்டுகிற, உச்சி மேடான பிஸ்டன் வைத்திருக்கிறார். ஹெட்டையும் இழைத்துத் தருகிறாராம். ஜூலை கடைசியில் போய் எடுத்து வருகிறேன். உன்னிடம் கிராங்கும் ராடும் மட்டும் போதும். தராவிட்டால் அதையும் அவரிடமே பார்த்துக்கொள்கிறேன்.

பந்தயத்தில் கிராசியெலா பக்கத்து சீட்டில் வழி சொல்லிக்கொண்டு வருவாள். அவளாகவே கேட்டாள்.

ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள். இந்தத் தடவையும் எஞ்சின் உடைந்தால், நீ சொன்னதுதான் உண்மை என்று ஒத்துக்கொள்வேன். கால் கனம். அதற்குப் பிறகு பால் லாரியைத் தவிர வேறு எந்த ஸ்டியரிங்கையும் தொட மாட்டேன்.

அதெலார்

*

கஷியாஸ்
2 ஜூலை 1987

அதெலார்,

இது நாலாவது தாள். முதல் மூன்றையும் அடுப்பில் போட்டேன். மூன்றிலும் வால்வு ஸ்பிரிங்கைப் பற்றி நன்றாக எழுதியிருந்தேன்.

மாண்டிவீடியோவுக்குப் போகாதே. அந்தப் பிஸ்டனைப் போடாதே. அந்தப் பெண்ணை அந்த வண்டியில் உட்கார வைக்காதே.

அன்று எஞ்சினில் குறை இருந்தது. குறை நான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எஞ்சினைப் பிரித்தேன். ராடு நேராக இருந்தது, வால்வு நேராக இருந்தது. ஏழாயிரத்தைத் தாண்டிய எஞ்சினில் இவை இரண்டும் அப்படி இருக்காது. மூன்றாவது பிஸ்டனைத் துடைத்துப் பார்த்தேன். தலையின் ஓரமெல்லாம் கோழி கொத்திய மாதிரி அரித்துப்போய், நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து வெடித்துத் துளைத்த ஓட்டை அது. பட்டறையில் ஆறு மாதம் இருந்தவனும் பார்த்ததும் சொல்லிவிடுவான். நீ கேட்ட சோளப் பொரிச் சத்தம் அதுதான். உன் காது சரி. நீ பார்த்த முள்ளும் சரி.

ஐந்து லிட்டரைக் கவிழ்த்தபோதே எனக்குள் ஒன்று உறுத்தியது. பன்னிரண்டுக்கு இது ஆகாது என்று தெரியாதவளா நான்? கோட்டைத் தாண்டும் வரை ஓடினால் போதும், மேலே போகப் போக ஆல்கஹால்தான் அதிகம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டேங்குக்குள் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும் என்பது குழந்தைக்குத் தெரியும். அந்தக் குளிரில், அந்த மனிதர் எதிரில், எனக்குத் தெரியவில்லை.

அமதேயு தன் ஆறு எஞ்சின்களையும் நம் பட்டறைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். பொம்பளை கடைகிற கிராங்க் என்று ஊரே வாய் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த காலம். டேங்கில் பெட்ரோல் ஊற்றிப் பிஸ்டனை ஓட்டை போட்டவள் நான்தான் என்று சொல்லியிருந்தால், அன்றோடு கதவைச் சாத்தியிருக்கலாம். உனக்கு முப்பது வயது, வேறு அணியில் இடம் கிடைக்கும், ஆறு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் கேட்டார், வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். அப்போதாவது திருத்தியிருக்க வேண்டும். நீ வருவதற்கு முன்பே அந்தப் பிஸ்டனை உருக்குகிற சாமான்களோடு போட்டுவிட்டேன்.

நான்கு வருடம் அந்த ஆறு எஞ்சின்களும் என்னிடம்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திறக்கும்போது உன்னை நினைப்பேன். அப்புறம் மூடிவிடுவேன்.

நான் சொன்ன பொய்யை நம்பி நீ பிஸ்டன் தேர்ந்தெடுப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கால் கனம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

லொய்வா

*

பைசாண்டு
20 ஜூலை 1987

கடிதம் கிடைத்தது. மாண்டிவீடியோ ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் சாமான்களும் வேண்டாம். பதில் எழுதாதே.

அ.

*

கஷியாஸ்
10 ஆகஸ்ட் 1987

தம்பி,

எழுதாதே என்றாய். இது ஒன்றை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

போன மாதம் இருபத்தாறாம் தேதி, ஞாயிறு மதியச் சாப்பாட்டில், அப்பாவிடம் சொன்னேன். சித்தப்பா வீட்டாரும் வந்திருந்தார்கள். வேண்டுமென்றேதான் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். உன்னைக் கால் கனம் என்று சொன்னதும் ஆட்கள் எதிரில்தானே. பொலெண்டா சோளக்களி தட்டிலேயே ஆறிப்போயிற்று. அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரையும் நான்தான் வளர்த்தேன். ஒருத்தியை மட்டும் நம்பினேன்" என்றார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காலை மாட்டே தேநீர் குடிக்கிற சுரைக்குடுக்கையை எனக்கும் நீட்டினார்.

திங்கட்கிழமை அமதேயுவிடம் நேரில் போனேன். அவர் சத்தம் போடவில்லை. "அந்தப் பையன் அன்னைக்கே முள் ஆறாயிரம்னு சொன்னானேம்மா. நான் உன் வார்த்தையைத்தானே எடுத்தேன்" என்றார். மறுநாள் ஆள் அனுப்பி எஞ்சின்களை எடுத்துப் போய்விட்டார். இரண்டு பிரித்த நிலையிலேயே போயின. ஒரு பெட்டியில் கிராங்க், ஒரு பெட்டியில் ராடு, எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்தேன். பட்டறையில் இப்போது நிறைய இடம் இருக்கிறது. டிராக்டர் வேலைக்குக் கேட்டிருக்கிறேன்.

லிவ்ராமெண்டோ பஸ் ஓட்டுநரிடம் இரண்டு மரப்பெட்டி கொடுத்திருக்கிறேன். எல்லைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம், உருகுவே பக்கத்து ரிவேரா பஸ் நிலையத்தில் உன் பெயருக்கு இருக்கும். வேண்டாம் என்றால் ஆற்றில் போடு, அது உன் சாமான்.

எழுபத்தெட்டு கிராங்கையே வைத்திருக்கிறேன். உன் கை குடைந்துவிடும். எனக்குத் தைரியம் இல்லாததைத்தான் உன் கைமேல் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ராடு நான்கையும் எடை பார்த்துச் சமப்படுத்திவிட்டேன். போல்ட்டின் தோள்பட்டையைச் சாய்வாக இழைத்திருக்கிறேன், கேம் ஷாப்ட்டைத் தொடாது. ஆனாலும் கையால் சுற்றிப் பார்க்காமல் மூடாதே. இரண்டுக்கும் நடுவே ஒரு போஸ்ட்கார்டு நுழைய வேண்டும். பிஸ்டன் தொண்ணூறரை, தலை தட்டையானது. ஹெட்டில் ஒவ்வொரு அறையும் ஐம்பத்தெட்டு சி.சி. இருக்க வேண்டும். மாட்டு வைத்தியரிடம் பெரிய ஊசி வாங்கி எண்ணெய் விட்டு அளந்துகொள், என் வார்த்தையை நம்ப வேண்டாம். சரியாக வந்தால் கம்ப்ரஷன் எட்டு புள்ளி இரண்டு. அங்குள்ள பெட்ரோலுக்கு அது போதும்.

இந்த முறை ஒன்றோடு ஒன்று சேரும்.

லொய்வா

*

பைசாண்டு
6 அக்டோபர் 1987

அக்கா,

பெட்டிகள் ரிவேராவில் பன்னிரண்டு நாள் கிடந்தன. எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கிராசியெலா போய் எடுத்து வந்தாள். "சால்வையை எடுக்கத்தான் போனேன்" என்றாள். பச்சை நிறம் அவளுக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றையும் நானே அளந்தேன். ஒன்றைக்கூட உன் சீட்டை நம்பி விட்டுவிடவில்லை. அறை நான்கில் மூன்று ஐம்பத்தெட்டு. நாலாவது ஐம்பத்தேழரை, உள்ளே கொஞ்சம் சுரண்டிச் சரிசெய்தேன். போஸ்ட்கார்டு எல்லா இடத்திலும் நுழைந்தது.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கிராசியெலாவிடமே ஆகஸ்டில்தான் சொன்னேன்.

எண்பத்து நாலு முதல் நான் ஓட்டிய எல்லா வண்டியிலும் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். நானே அறுத்து, நானே ஆணி அடித்தது. பெடல் பாதிக்கு மேல் இறங்காது. பால் லாரியிலும் உண்டு. கம்பெனியே வைத்தது என்று கிராசியெலாவிடம் சொல்லியிருந்தேன். மேட்டில் லாரி முக்கும், பின்னால் டிராக்டர்காரன் கூடத் திட்டுவான். சிரித்துக்கொண்டே வழி விடுவேன். என் கால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது அல்லவா? லொய்வாவுக்குத்தானே தெரியும்.

உன் கடிதம் வந்த அன்று காலையில் அந்தக் கட்டையைப் பிடுங்கினேன். பதில் எழுதாதே என்று எழுதியது அதே கையால்தான். உன்னை அடிக்கத் தோன்றியது. உட்கார்ந்து அழவும் செய்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

நேற்று முன்தினம் பந்தயம். மொத்தம் நாற்பத்தேழு கிலோமீட்டர், இருபத்து மூன்று வண்டிகள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பியது. ஆனால் அக்கா, பூமாவில் கட்டை எதுவும் இல்லை, இருந்தும் என் கால் அந்தப் பாதியில் போய் நின்றுவிட்டது. அழுத்தப் பார்க்கிறேன், இறங்கவில்லை. அடியில் ஒன்றும் இல்லை என்று தெரியும். ஆனாலும் இறங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தாண்டிப் போனார்கள். பழைய பிக்கப் ஒன்று கூட. கிராசியெலா வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வந்தவள், முப்பதாவது கிலோமீட்டரில் தாளை மடித்து மடியில் வைத்தாள்.

"என்ன சத்தம் கேக்குது?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கலையே."

"சோளம் பொரியுதா?"

"இல்ல."

"அப்புறம் என்னய்யா? மிதி!"

மிதித்தேன். அடி வரைக்கும் போயிற்று. முள் ஆறாயிரம், ஆறாயிரத்து இருநூறு. அந்த எஞ்சின் பாடியதை நீ கேட்டிருக்க வேண்டும். கிராங்க், ராடு, கேம் ஷாப்ட் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாகப் பிறந்த மாதிரி. பதினேழு கிலோமீட்டரில் பதினோரு பேரைத் தாண்டினேன். ஒன்பதாவதாக வந்தேன். இறங்கி எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு எண்ணெய் கூட வெளியே இல்லை.

கடைசிப் பதினேழு கிலோமீட்டருக்கு உனக்கு நன்றி. அது முழுக்க உன்னுடையது, சந்தேகம் இல்லை.

முதல் முப்பது கிலோமீட்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்காக உன்னோடு நேரில் சண்டை போட வேண்டும். டிசம்பரில் பூமாவில்தான் வருகிறோம். அப்பாவிடம் சொல்லிவை.

உன் தம்பி,
அதெலார்